மறுமுனையில் இருப்பவர்

(சுங்கை வேயில் பெற்றோருக்கும் இளையோருக்குமாக நடந்த சாலைப் பாதுகாப்புக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இந்தக் கூட்டத்துக்கு அழைத்தவர்கள் என்னிடம், "பிள்ளைங்க ஹேண்ட்போனைப் பார்த்துக்கிட்டே மோட்டார் ஓட்டுறாங்க சார், நாலு வார்த்தை கண்டிச்சுப் பேசுங்க" என்றார்கள். பேசுகிறேன். ஆனால் இன்று நான் அதிகம் பேசப்போவது பின்வரிசையில் ஹெல்மெட்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் தம்பிகளோடு அல்ல. முன்னால் உட்கார்ந்திருக்கும் அம்மா அப்பாக்களோடும், கணவன் மனைவியரோடும், வேலையிடத்தில் நாலு பேரை வைத்து வேலை வாங்கும் சூப்பர்வைசர்களோடும்தான். ஓடுகிற வண்டியில் கைப்பேசி தானாக மணியடிப்பதில்லை. யாரோ அழைக்கிறார்கள். யார் என்று பார்த்தால், பெரும்பாலும் அந்தப் பிள்ளைமேல் உயிரையே வைத்திருப்பவர்தான்.

முதலில் கணக்கைச் சொல்லிவிடுகிறேன். 2016இல் மலேசியச் சாலைகளில் இறந்தவர்கள் 7,152 பேர். 2022இல் 6,080 பேர். குறைந்திருக்கிறது, மறுக்கவில்லை. ஆனாலும் நாளுக்குப் பதினாறு பேருக்குமேல். அதில் நூற்றுக்கு அறுபதுக்கும் அதிகமானவர்கள் மோட்டார் ஓட்டியவர்களும் பின்னால் உட்கார்ந்து வந்தவர்களும். நம் வீடுகளில் காலையில் எத்தனை கார் கிளம்புகிறது, எத்தனை மோட்டார் கிளம்புகிறது என்று எண்ணிப் பார்த்தால், இந்த அறுபதில் நம் பிள்ளைகளின் பங்கு என்னவாக இருக்கும் என்று நான் விளக்க வேண்டியதில்லை.

சுங்கை வேயில் நின்று இதைப் பேசுவதற்குத் தனிப் பொருத்தம் உண்டு. 1972இல் இங்கே தடையற்ற வாணிப வட்டாரம் வந்தது. தோட்டத்து லயங்களில் இருந்து நம் அக்காமார்கள் சிஃப்ட் வேலைக்கு வந்தார்கள். மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்து, முடியைவிட மெல்லிய கம்பியைச் சில்லுகளில் ஒட்டினார்கள். மோட்டோரோலாவும் இங்கே குறைக்கடத்தித் தொழிற்சாலை நடத்தியது. அந்த நிறுவனத்தின் பொறியாளர் மார்ட்டின் கூப்பர்தான் 1973 ஏப்ரல் 3ஆம் தேதி நியூயார்க் தெருவில் நின்று உலகின் முதல் கைப்பேசி அழைப்பைச் செய்தவர். அவரைப் பற்றிப் பலருக்குத் தெரியாத செய்தி ஒன்று உண்டு. அதற்கும் பத்து ஆண்டுகளுக்கு முன்பே, 1960களின் தொடக்கத்தில், மிச்சிகன் மாநில விசாரணைக் குழு ஒன்றின் முன் அவர் சாட்சி சொன்னார். அப்போது இருந்தது கார்த் தொலைபேசி. வண்டி ஓடும்போது எண்ணைச் சுழற்ற முடியாதபடி ஒரு பூட்டு வேண்டும் என்பது அவர் சொன்ன யோசனை. கைப்பேசியைப் பெற்றவரே, அது பிறக்கும் முன்பே, ஓடும் வண்டியில் அதைப் பூட்டி வைக்கச் சொல்லியிருக்கிறார்!

கையில் வருவதற்கு முன்னால் தொலைபேசி காரில்தான் இருந்தது. 1946 ஜூன் 17 அன்று அமெரிக்காவின் செயிண்ட் லூயிஸ் நகரில் காரிலிருந்து அழைக்கும் சேவை தொடங்கியது. நம் நாட்டிலும் அப்படியே. 1985இல் வந்த 'அத்தூர்' சேவையைப் பெரியவர்கள் சிலர் நினைவில் வைத்திருப்பீர்கள். செங்கல்போல் கனத்த கருவி, முதலாளிமார் காரில் மட்டும் இருக்கும். காரில் பேசுவது அன்றைக்கு அந்தஸ்து. அந்தஸ்தாக நுழைந்தது வழக்கமாகி, வழக்கம் இப்போது கடமையாகிவிட்டது. எடுக்காவிட்டால் "ஏன் எடுக்கல?" என்று கேட்கிறோம்.

நான் வண்டி ஓட்டச் சொல்லிக் கொடுக்கும் தொழிலில் இருந்தவன். 'எல்' பலகை மாட்டிய காரில் இடப்பக்க இருக்கையில், ஹேண்ட்பிரேக்மேல் கை வைத்தபடி உட்கார்ந்திருப்பேன். சாலையைவிடப் பிள்ளையின் முகத்தைத்தான் அதிகம் பார்ப்பேன். நன்றாக ஓட்டும் பிள்ளையின் கண் ஓர் இடத்தில் நிற்காது. நடுக்கண்ணாடி, வலக்கண்ணாடி, முன்னால் போகும் லோரியின் பிரேக் விளக்கு, இடப்புறம் நெருங்கும் மோட்டார் என்று அது சுற்றிக்கொண்டே இருக்கும். பாடம் நடக்கையில் காற்சட்டைப் பையில் கைப்பேசி அதிரும். பிள்ளை எடுக்காது, பக்கத்தில் நான் இருக்கிறேன் அல்லவா! ஆனால் அது அதிர்ந்த நொடியில் கண் நின்றுவிடும். பார்வை நேராகச் சாலையில்தான் இருக்கும். கண்ணாடியைப் பார்ப்பது நின்றுபோகும், கழுத்து விறைக்கும், எண்ணெய் மிதியில் இருக்கும் கால் தானாகத் தளரும். அடுத்த சந்திப்பில் வலப்புறம் தலையைத் திருப்பும், வரும் மோட்டாரைப் பார்க்கவும் செய்யும், ஆனாலும் காரை நகர்த்தும். நான் ஹேண்ட்பிரேக்கை இழுத்தால், "ஏன் சார்?" என்று உண்மையான திகைப்போடு கேட்கும். மோட்டார் எங்களைக் கடந்து போன பிறகுதான் அதன் முகம் வெளுக்கும். யார் அழைத்தது என்று கேட்டால், "அம்மாவாத்தான் சார் இருக்கும். முடிஞ்சிருச்சான்னு கேக்க."

கைப்பேசி பையை விட்டு வெளியே வரவே இல்லை. கை ஸ்டியரிங்கில்தான் இருந்தது. சட்டப்படி அந்தப் பிள்ளை எந்தக் குற்றமும் செய்யவில்லை. இந்த இடத்தைத்தான் நீங்கள் மனத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும். நாம் கையைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறோம். கெட்டுப்போவது கவனம்.

ஆய்வுகளும் இதையே சொல்கின்றன. 1997இல் கனடாவின் டொரொண்டோவில் ரெடல்மையர், திப்ஷிரானி என்ற இரு ஆய்வாளர்கள், விபத்தில் சிக்கிய 699 ஓட்டுநர்களின் தொலைபேசிப் பட்டியல்களை எடுத்து நிமிடக் கணக்கில் ஒப்பிட்டார்கள். பேசும்போது விபத்து நேரும் வாய்ப்பு ஏறக்குறைய நான்கு மடங்கு என்று தெரிந்தது. கையில் பிடிக்காமல் பேசும் கருவி வைத்திருந்தவர்களுக்கும் அதனால் தனிப் பாதுகாப்பு கிடைத்ததாகத் தெரியவில்லை. 2006இல் யூட்டா பல்கலைக்கழகத்தில் டேவிட் ஸ்ட்ரேயரும் கூட்டாளிகளும் பாவனைக் காரில் சோதித்தார்கள். ஒரே ஆட்களை ஒருமுறை சும்மாவும், ஒருமுறை கைப்பேசியில் பேச வைத்தும், ஒருமுறை சட்ட வரம்பு வரை குடிக்க வைத்தும் ஓட்டச் செய்தார்கள். மூன்று பேர் முன்னால் போன வண்டியில் மோதினார்கள். மூவரும் மோதியது பேசிக்கொண்டிருந்தபோது. குடித்திருந்தபோது ஒருவரும் மோதவில்லை. குடிக்கலாம் என்று நான் சொல்லவில்லை. குடித்துவிட்டு ஓட்டுகிறவனை நாம் எல்லோரும் கண்டிக்கிறோம். 2020இல் நம் நாடு குடிபோதை வரம்பை 80 மில்லிகிராமிலிருந்து 50ஆகக் குறைத்தபோது எல்லோரும் வரவேற்றோம். அதே கோபம் இந்த விஷயத்தில் நமக்கு வருவதில்லை, ஏனென்றால் குடிக்கச் சொல்லி மகனுக்கு நாம் ஊற்றிக் கொடுப்பதில்லை, அழைப்பது மட்டும் நாம்தான்.

"பக்கத்துல உட்கார்ந்து பேசுறதில்லையா? அதுவும் பேச்சுதானே?" என்று சிலர் கேட்பார்கள். நியாயமான கேள்வி. அதே யூட்டா குழு 2008இல் இதையும் சோதித்தது. நெடுஞ்சாலையில் போய்க் குறிப்பிட்ட ஓர் ஓய்விடத்தில் திரும்ப வேண்டும். கைப்பேசியில் நண்பரோடு பேசிக்கொண்டு போனவர்களில் பாதிப் பேர் திருப்பத்தைத் தவறவிட்டார்கள். நண்பர் பக்கத்தில் உட்கார்ந்து பேசியபோது பெரும்பாலோர் சரியாகத் திரும்பினார்கள். காரணம் கடினமானதல்ல. பக்கத்தில் இருப்பவருக்குச் சாலை தெரிகிறது. மழை கொட்டினால் அவர் வாய் மூடுவார். லோரி நெருங்கினால் பேச்சை நிறுத்துவார். "இங்க திரும்பணும்ல?" என்று நினைவூட்டுவார். தொலைபேசியின் மறுமுனையில் இருப்பவருக்கு ஒன்றும் தெரியாது. தாமான் மேடானில் அடுப்படியில் நின்றுகொண்டு பேசும் அம்மாவுக்கு, மகன் அந்த நிமிடம் இரண்டு லோரிகளுக்கு நடுவில் இருக்கிறான் என்று எப்படித் தெரியும்? அவர் பாட்டுக்குப் பேசுவார், அவனும் மரியாதைக்காகப் பதில் சொல்லிக்கொண்டே வருவான்.

நம் பாதையையே எடுத்துக்கொள்வோம். இங்கிருந்து கிள்ளானுக்கோ கோலாலம்பூருக்கோ மோட்டாரில் போகிறவர்களுக்குக் கூட்டரசு நெடுஞ்சாலையில் தனி மோட்டார் பாதை இருக்கிறது. உலகத்துக்கே முன்மாதிரியாக 1970களில் போடப்பட்ட பாதை அது. காரும் லோரியும் உள்ளே வராததால் எத்தனையோ உயிரை அது காத்திருக்கிறது. ஆனால் அகலம் குறைவு. சந்திப்புகளில் பாலத்துக்கு அடியில் சுரங்கம்போல் இறங்கி வளையும். உள்ளே இருட்டு, மழை நாளில் தண்ணீர், ஓரத்தில் மணல். எதிர்பாராத இடத்தில் யாராவது மழைக்கு ஒதுங்கி நிற்பார். அங்கே ஒரு பையன் வருகிறான். கைப்பேசியை ஹெல்மெட்டுக்குள், காதுக்கும் கன்னத்துக்கும் இடையில் செருகியிருக்கிறான். இதை நீங்கள் எல்லோரும் பார்த்திருப்பீர்கள். அது நழுவாமல் இருக்கத் தலையை ஒரு பக்கம் சாய்த்தே ஓட்டுகிறான், அதனால் அந்தப் பக்கத் தோளுக்கு மேல் பார்க்க முடியாது. அந்தக் காதில் பின்னால் வரும் ஹார்னும் விழாது. ஹெல்மெட் வாரையும் தளர்த்தியிருப்பான், இல்லாவிட்டால் கைப்பேசி உள்ளே போகாது. விழுந்தால் ஹெல்மெட் ஒரு பக்கம் போகும், தலை ஒரு பக்கம் போகும்.

மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் போகும் மோட்டார் ஒரு நொடியில் பதினாறு மீட்டருக்கு மேல் கடக்கிறது. செய்தியை வாசிக்க ஐந்து நொடி என்றால் எண்பது மீட்டருக்கு மேல். நெடுஞ்சாலையில் 90இல் போகும் காருக்கு அதே ஐந்து நொடி 125 மீட்டர்.

"அப்படின்னா ஓரமா நிறுத்திட்டுப் பேசட்டுமே!" என்று ஓர் அக்கா சொன்னார். எங்கே நிறுத்துவது? கூட்டரசு நெடுஞ்சாலையின் அவசரத் தடம் அழைப்பு எடுப்பதற்கு இல்லை, அங்கே நிற்கும் வண்டியில் வேகமாக வரும் வண்டி மோதினால் அதுவே பெரும் விபத்து. டாமான்சாரா–பூச்சோங் நெடுஞ்சாலையில் மாலை ஆறு மணிக்கு ஓரம் கட்டிப் பாருங்கள். நிறுத்த இடமில்லாத சாலையில் ஒருவரை அழைத்துவிட்டு, நிறுத்தித்தான் பேச வேண்டும் என்று சொல்வதில் பொருளில்லை. அந்த அழைப்பே போகாமல் இருந்தால்தான் வழி.

அழைப்பவருக்குப் பொறுப்பு உண்டா என்ற கேள்வி அமெரிக்காவில் நீதிமன்றம் வரைக்கும் போனது. 2009 செப்டம்பரில் நியூ ஜெர்சியில், மோட்டார் சைக்கிளில் போய்க்கொண்டிருந்த ஒரு கணவன் மனைவிமேல் பிக்அப் லோரி ஒன்று நடுக்கோட்டைத் தாண்டி வந்து மோதியது. இருவருக்கும் இடக்கால் போய்விட்டது. ஓட்டியவனுக்கு 18 வயது. அவனோடு குறுஞ்செய்தியில் பேசிக்கொண்டிருந்த பெண்ணுக்கு 17 வயது. அன்று ஒரு நாளில் மட்டும் இருவருக்கும் இடையே 62 குறுஞ்செய்திகள். பாதிக்கப்பட்ட தம்பதி அந்தப் பெண்மீதும் வழக்குத் தொடுத்தார்கள். 2013 ஆகஸ்டில் மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அந்தப் பெண் விடுவிக்கப்பட்டாள். அவன் வண்டி ஓட்டிக்கொண்டே அதைப் படிப்பான் என்று அவளுக்குத் தெரிந்திருந்ததற்கு ஆதாரம் போதவில்லை. ஆனால் நீதிபதிகள் அத்தோடு நிற்கவில்லை. வண்டி ஓட்டிக்கொண்டிருப்பவர் உடனே எடுத்துப் படிப்பார் என்று தெரிந்தும், அல்லது தெரிந்துகொள்ளத் தக்க காரணம் இருந்தும், செய்தி அனுப்புகிறவர் சாலையில் இருக்கும் மற்றவர்களுக்குக் கடமைப்பட்டவர் ஆகலாம் என்று எழுதினார்கள். நம் நாட்டு நீதிமன்றத்தை அந்தத் தீர்ப்பு கட்டுப்படுத்தாது. மனசாட்சியைக் கட்டுப்படுத்தலாம் இல்லையா? மகன் ஐந்தரைக்குத் தொழிற்சாலைக் கேட்டைத் தாண்டுவான் என்று தெரியும், ஐந்தே முக்காலுக்கு அழைத்தால் எடுப்பான் என்றும் தெரியும். அந்த நீதிபதிகள் சொன்ன 'தெரிந்தும்' என்பது இதுதான்.

அந்த நியூ ஜெர்சி விபத்துக்கு ஓராண்டு முன்னால், 2008 செப்டம்பர் 12 அன்று, கலிபோர்னியாவின் சாட்ஸ்வொர்த்தில் ஒரு பயணிகள் ரயில் சரக்கு ரயிலோடு நேருக்கு நேர் மோதி 25 பேர் இறந்தார்கள். ரயிலை ஓட்டியவர் தன் கடைசிக் குறுஞ்செய்தியை அனுப்பியது மோதலுக்கு 22 நொடி முன்னால். அவர் செய்திகள் பரிமாறிக்கொண்டிருந்தது ரயில்மேல் ஆசை கொண்ட பதின்ம வயதுப் பிள்ளைகளோடு. அந்தப் பிள்ளைகளின் மனத்தை நினைத்துப் பாருங்கள். அவர்கள் கேட்டதெல்லாம் ரயிலைப் பற்றித்தான்.

நம் சட்டம் என்ன சொல்கிறது? வண்டி ஓட்டும்போது கையில் பிடித்துக் கைப்பேசியைப் பயன்படுத்துவது 1959ஆம் ஆண்டு போக்குவரத்து விதிகளின் 17ஏ விதிப்படி குற்றம். சம்மன் 300 ரிங்கிட் வரைக்கும். ஆபத்தாக ஓட்டி உயிரிழப்பு ஏற்படுத்தினால், 2020இல் திருத்தப்பட்ட சாலைப் போக்குவரத்துச் சட்டத்தின் 41ஆவது பிரிவில் ஐந்து முதல் பத்து ஆண்டு சிறையும் 20,000 முதல் 50,000 ரிங்கிட் வரை அபராதமும் இருக்கின்றன. முந்நூறு வெள்ளிக்கும் பத்து ஆண்டுக்கும் நடுவே இருப்பது சில நொடிகள்தான். சட்டத்தை நான் குறை சொல்லவில்லை. ஆனால் போலீஸ்காரரின் கண்ணுக்குக் கை தெரியும், காதில் ஓடும் பேச்சு தெரியாது. ஆகவே இதைத் தடுக்கும் வேலையின் பெரும்பகுதி வீட்டில்தான் நடக்க வேண்டும்.

வேலையிடத்திலும் நடக்க வேண்டும். சூப்பர்வைசர்கள் கேட்டுக்கொள்ளுங்கள். சிஃப்ட் முடிந்து ஆட்கள் வெளியேறிய பத்தாவது நிமிடத்தில் புலனக் குழுவில், "நாளைக்கு யாரெல்லாம் ஓவர்டைம்? உடனே பதில் போடவும்" என்று செய்தி வருகிறது. முதலில் பதில் போட்டவருக்குத்தான் ஓவர்டைம். அந்த ஐம்பது வெள்ளி எழுபது வெள்ளி நம் வீடுகளில் எவ்வளவு பெரிய பணம் என்று உங்களுக்கும் தெரியும். அந்தப் பிள்ளை மோட்டார் ஓட்டிக்கொண்டே பதில் போடாமல் என்ன செய்யும்? வேலைக்கு வரும் வழியிலும் திரும்பும் வழியிலும் நேரும் விபத்துக்குச் சமூகப் பாதுகாப்பு நிறுவனமான சொக்சோவில் இழப்பீடு கேட்கலாம் என்று 1969ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. அந்தப் பயணமும் வேலையின் ஒரு பகுதி என்று நாடே ஏற்றுக்கொண்டிருக்கிறது. அப்படியிருக்க, ஆட்கள் வீடு சேரும் நேரம் கழித்து அந்தச் செய்தியைப் போட்டால் எந்த நிறுவனம் மூழ்கிவிடும்?

சாப்பாடு கொண்டுபோகும் பிள்ளைகளின் நிலை இதைவிட மோசம். அவர்களுக்கு அழைப்பது ஆள்கூட இல்லை. மோட்டாரின் கைப்பிடியில் மாட்டிய திரையில் ஆர்டர் வந்து விழும், சில நொடிக்குள் தொட வேண்டும், தொடாவிட்டால் வேறொருவருக்குப் போய்விடும். அவர்களுக்கும் 2017ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் சொக்சோ காப்புறுதி உண்டு, பின்னால் இருக்கும் தம்பிகள் யாராவது இன்னும் பதியவில்லை என்றால் இன்றே பதியுங்கள். ஆனால் காப்புறுதி விழுந்த பிறகுதான் வரும். வண்டி ஓடுகிறதா நிற்கிறதா என்று அந்தக் கைப்பேசிக்குத் தெரியும், வாடிக்கையாளர் திரையில் மோட்டார் நகர்வதைக் காட்டுகிறார்களே! நின்ற பிறகு ஆர்டரை அனுப்பும்படி செய்ய அறிவியல் தடை ஏதுமில்லை. மார்ட்டின் கூப்பர் கேட்ட பூட்டு இன்று எல்லோர் கையிலும் இருக்கிறது. பூட்டத்தான் யாரும் முன்வரவில்லை. தொழிற்சங்கங்களும் நம் மக்கள் பிரதிநிதிகளும் கேட்க வேண்டிய கேள்வி இது, நானும் கேட்டுக்கொண்டேதான் இருக்கிறேன்.

தாய்மார்களிடம் ஒரு வேண்டுகோள். பயத்தில்தான் அழைக்கிறீர்கள், எனக்குத் தெரியும். மழை பிடித்துவிட்டது, பையன் இன்னும் வரவில்லை, நெஞ்சு அடித்துக்கொள்கிறது. ஆனால் அவன் பத்திரமாக இருக்கிறானா என்று கேட்கும் அந்த அழைப்பே அவன் பத்திரத்தைக் குறைக்கிறது. அழைத்தே ஆக வேண்டுமென்றால், முதல் கேள்வி "வண்டி ஓட்டுறியா?" என்று இருக்கட்டும். "ஆமா" என்றால் அடுத்த வார்த்தை பேசாமல் வையுங்கள். கோபத்தில் வைத்துவிட்டீர்களோ என்று அவன் பதறாமல் இருக்க, இப்படித்தான் வைப்பேன் என்று இன்று இரவே சொல்லி வைத்துவிடுங்கள். "வர்ற வழியில ரெண்டு ரொட்டி சானாய் தாப்பாவ் பண்ணிக்கிட்டு வா" என்பதைக் காலையிலேயே சொல்லலாம், மறந்தால் ஒரு வேளை சோறு சாப்பிடலாம். இன்னொன்று, அழைத்து எடுக்காவிட்டால் திரும்பத் திரும்ப அடிக்காதீர்கள். ஒருமுறை அடித்தால் விட்டுவிடுவான். மூன்றுமுறை அடித்தால் வீட்டில் யாருக்கோ ஏதோ ஆகிவிட்டது என்று ஓடும் வண்டியிலேயே எடுப்பான்.

தம்பிகளே, உங்களிடமும் ஒன்று. அம்மா அழைத்து நீங்கள் எடுக்காததற்காக வீட்டில் சண்டை வந்தால், அடுத்த நாள் எடுத்துத் தொலைக்காதீர்கள். வீடு வந்து சேர்ந்ததும் முதல் வேலையாக நீங்களே அவரிடம் போய், "இப்பத்தான் வந்தேன்மா, மோட்டார்ல இருந்தேன்" என்று சொல்லுங்கள். கொஞ்ச நாளில் அவருக்கும் பழகிவிடும்.

எல்லோரும் இப்போது கைப்பேசியை வெளியே எடுங்கள். ஐபோனில் 2017ஆம் ஆண்டு முதல், வண்டி ஓட்டும்போது அழைப்பையும் செய்தியையும் நிறுத்தி வைத்து, "ஓட்டிக்கொண்டிருக்கிறேன்" என்று தானே பதில் அனுப்பும் வசதி இருக்கிறது. ஆண்ட்ராய்டிலும் இதுபோன்ற வசதி உண்டு. செட்டிங்ஸில் எங்கே இருக்கிறது என்று தெரியாதவர்கள் வாசல் பக்கம் இருக்கும் மேசைக்குப் போகலாம், அங்கே இரண்டு பிள்ளைகள் உட்கார்ந்திருக்கிறார்கள், அமைத்துத் தருவார்கள். பதில் வாசகத்தைத் தமிழிலேயே எழுதிக்கொள்ளலாம். அம்மா படிக்கிற மாதிரி எழுதுங்கள். அது முடியும்வரை நான் இங்கேயே இருக்கிறேன், கேள்வி இருப்பவர்கள் கையை உயர்த்துங்கள்.